குருத்தணுக்களில் இருந்து விழிவில்லை வளர்த்தல்

கண்ணில் ஐரிசுக்குப் பின்னால் அமைந்து, ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச் செய்யும் ஒளிபுகு உறுப்பு விழிவில்லை ஆகும். கண் லென்சு என்றும் இதைச் சொல்வர். ஸ்டெம் செல் என்று பரவலாக அறியப்படும் குருத்தணுக்களைப் படிப்படியாகத் தூண்டி, இந்த வில்லையின் திசுவை ஆய்வகத் தட்டில் உருவாக்கும் முயற்சிகள் கடந்த சில பத்தாண்டுகளாக அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளில் நடந்து வருகின்றன.

இதைக் கேள்விப்படுபவர் முதலில் நினைப்பது, முதியவரின் கண்புரையை எடுத்துவிட்டு ஆய்வகத்தில் வளர்ந்த புது வில்லையைப் பொருத்திவிடலாம் என்பதைத்தான். ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் உடனடி நோக்கம் வேறு. தெளிந்த மனித வில்லை எப்படி உருவாகிறது, எதனால் கலங்குகிறது, எந்த மருந்து அதைக் கலங்கச் செய்கிறது என்பவற்றைக் கண்ணெதிரே பார்ப்பதற்கு ஒரு சோதனைப் பொருள் வேண்டும். அந்தத் தேவையை நிறைவு செய்வதே இப்போதைக்கு இத்துறையின் முதன்மைப் பயன்.

விழிவில்லையின் கட்டமைப்பு

வளர்ந்த மனிதரின் விழிவில்லை ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமும், 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனும் கொண்டது. இருபுறமும் குவிந்த வடிவம். லென்சு என்ற சொல்லே இலத்தீன் மொழியில் மைசூர்ப் பருப்பு வகையைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. ஒரு பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். கண்ணின் ஒளி குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுடையது. எஞ்சிய பங்கு வில்லையுடையது. ஆனால் அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றைத் தெளிவாகக் காணும்படி மாற்றியமைக்கக் கூடியது வில்லையின் பங்கு மட்டுமே.

வில்லையில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இருந்தால் ஒளி மறைக்கப்படும். வேண்டிய சத்தும் உயிர்வளியும் அதைச் சூழ்ந்துள்ள நீர்மத்தில் இருந்து ஊடுருவி வருகின்றன. வில்லை முழுவதையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. உறையின் முன்பக்க உட்புறத்தில் ஒரே அடுக்காக மேலணி உயிரணுக்கள் இருக்கின்றன. இவை வில்லையின் விளிம்பை ஒட்டிய வளையப் பகுதியில் பிரிந்து பெருகி, பின்னர் நீண்டு நார் உயிரணுக்களாக மாறுகின்றன.

இந்த மாற்றம் உயிரியலில் மிகவும் விந்தையானவற்றுள் ஒன்று. நாராக மாறும் உயிரணு தன் உட்கருவை அழித்துக்கொள்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களையும் அழித்துக்கொள்கிறது. ஒளியைச் சிதறடிக்கக் கூடிய உள்ளுறுப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, கிரிஸ்டலின் என்னும் புரதத்தால் தன்னை நிரப்பிக்கொள்கிறது. வில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதமே. உடலின் வேறெந்தத் திசுவிலும் இவ்வளவு அடர்த்தியாகப் புரதம் இருப்பதில்லை. அவ்வளவு அடர்த்தியிலும் புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் சீராக அடுங்கியிருப்பதால்தான் வில்லை கண்ணாடி போல் தெளிவாக உள்ளது.

புதிய நார்கள் பழைய நார்களின் மேல் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகச் சேர்கின்றன. பழையவை வெளியேற்றப்படுவதே இல்லை. எண்பது வயது மூதாட்டியின் வில்லை நடுவே, அவர் தம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான நார்கள் இன்னும் இருக்கின்றன. 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தப் பண்பைப் பயன்படுத்தி, வில்லைப் புரதத்தில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து ஒருவரின் பிறந்த ஆண்டைக் கணிக்க முடியும் என்று காட்டினர. கிரீன்லாந்துச் சுறாக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்கின்றன என்று 2016-இல் தெரியவந்ததும் அவற்றின் விழிவில்லை நடுவைச் சோதித்துத்தான்.

உட்கரு இல்லாத நார் புதிய புரதம் செய்ய முடியாது. பழுதானதை மாற்றவும் முடியாது. பிறக்கும்போது கிடைத்த புரதமே இறுதிவரை. ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற வகை, குலைந்துபோகும் பிற புரதங்களைப் பிடித்து ஒட்டாமல் காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் காவலும் தீர்ந்துபோகிறது. புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கும் நிலையே கண்புரை. நீரிழிவு, நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, புகைபிடித்தல், புற ஊதாக் கதிர் ஆகியவை இதை விரைவுபடுத்துகின்றன. உலக அளவில் பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் கண்புரையே.

மனித வில்லையை ஆராய்வது ஏன் கடினம்

உயிரோடுள்ள ஒருவரின் வில்லையில் இருந்து சிறு துண்டை வெட்டி எடுத்துச் சோதிக்க இயலாது. உறை கிழிந்தாலே வில்லை கலங்கிவிடும். அறுவையில் அகற்றப்படும் கண்புரை ஏற்கெனவே முற்றிய நிலையில் இருப்பது. அது எப்படித் தொடங்கியது என்பதை அதிலிருந்து அறிவது எரிந்து முடிந்த வீட்டில் நெருப்பு மூண்ட இடத்தைத் தேடுவது போன்றது. கொடையாகப் பெற்ற கண்களில் இருந்து மேலணி உயிரணுக்களை எடுத்து வளர்த்தால், அவை சில தலைமுறைகளுக்குள் வில்லைக்குரிய பண்பை இழந்து தழும்புத் திசு போல மாறிவிடுகின்றன. எலியின் வில்லையோ கிட்டத்தட்ட உருண்டையானது. கண்ணின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வது. மனித வில்லை போலத் தன் குவியத்தை மாற்றிக்கொள்ளாதது. இந்த இடைவெளியில்தான் குருத்தணுக்கள் நுழைகின்றன.

கருவிலிருந்து கற்ற பாடம்

எந்த உறுப்பையும் தட்டில் வளர்க்க வேண்டுமானால், கருவில் அது எப்படி உருவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வில்லையைப் பொறுத்தவரை அந்த அறிவு நூறாண்டுகளுக்கு மேல் பழமையானது. 1901-இல் செருமானிய உயிரியலாளர் ஹான்ஸ் ஸ்பெமன், தவளைக் கருவில் கண்ணின் தொடக்கப் பகுதியைச் சூடான ஊசியால் அழித்தார். அந்தப் பக்கத்தில் விழித்திரை உருவாகவில்லை என்பதில் வியப்பில்லை, வில்லையும் உருவாகவில்லை. வில்லை மூளையில் இருந்து வருவதன்று, தோலாக மாறவேண்டிய புறப்படையில் இருந்து வருவது. எனவே மூளையில் இருந்து புடைத்து வரும் கண் குமிழ் தனக்கு மேலுள்ள புறப்படைக்கு ஏதோ ஒரு செய்தி அனுப்புகிறது என்று அவர் முடிவு செய்தார். பிற்கால ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தின. தலைப்பகுதிப் புறப்படை முன்கூட்டியே அதற்குத் தயாராகியிருக்கிறது. கண் குமிழின் செய்தி இறுதிக் கட்டங்களில் ஒன்று.

அந்தச் செய்திகள் எவை என்பது இன்று பெருமளவு தெரியும். எஃப்.ஜி.எஃப், பி.எம்.பி என்ற இரு குடும்பங்களைச் சேர்ந்த வளர்ச்சிக் காரணிகள் அவற்றுள் முக்கியமானவை. இவற்றை ஏற்று வில்லையாக மாறும் திறனைப் புறப்படைக்குத் தருவதில் பாக்ஸ்6 என்ற மரபணு பெரும்பங்கு வகிக்கிறது. புறப்படை முதலில் தடித்து, பின் உட்குழிந்து, ஒரு சிறு பந்தாகப் பிரிகிறது. பந்தின் பின்புற உயிரணுக்கள் நீண்டு நடுவெளியை நிரப்புகின்றன. முன்புறத்தவை மேலணியாக நிலைக்கின்றன. தட்டில் வில்லை வளர்ப்பவர்கள் செய்வது, இதே செய்திகளை இதே வரிசையில், குப்பியில் இருந்து சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதுதான்.

ஆய்வகத் தட்டில்

மனிதக் கருக் குருத்தணுக்கள் 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவால் முதன்முதலில் பிரித்தெடுத்து வளர்க்கப்பட்டன. கருவைப் பயன்படுத்துவது பற்றிய அறச்சிக்கல் நெடுநாள் நீடித்தது. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-இல் எலியின் உயிரணுக்களையும், 2007-இல் மனிதத் தோல் உயிரணுக்களையும் நான்கு மரபணுக்களின் துணையால் குருத்தணு நிலைக்குத் திருப்பியபின் அச்சிக்கல் பெருமளவு தணிந்தது. இவை தூண்டப்பட்ட பன்திறன் குருத்தணுக்கள் எனப்படும். இதற்காக ஜான் குர்டனுடன் இணைந்து அவர் 2012-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றார்.

வில்லைக்கான தெளிவான செய்முறையை 2010-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழு வெளியிட்டது. அது மூன்று கட்டங்கள் கொண்டது. முதலில் நாகின் என்ற புரதத்தைக் கொடுத்து, குருத்தணுக்களை நரம்பும் புறப்படையும் தோன்றும் வழியில் திருப்பினர். அடுத்து எஃப்.ஜி.எஃப், பி.எம்.பி காரணிகளைக் கொடுத்து வில்லையின் முன்னோடி உயிரணுக்களாக்கினர். இறுதியில் எஃப்.ஜி.எஃப் உடன் விண்ட் குடும்பத்துப் புரதம் ஒன்றைச் சேர்த்தபோது, தட்டில் ஆங்காங்கே கிரிஸ்டலின் நிறைந்த தெளிந்த சிறு மொட்டுகள் தோன்றின. இவற்றை வில்லைப்போலிகள் எனலாம். வில்லையின் புரதங்கள் அவற்றில் இருந்தன. ஒழுங்கான வடிவம் மட்டும் இல்லை. கூடவே நரம்பு உயிரணுக்களும் வேறு பலவும் கலந்து வளர்ந்தன. கலப்பு இருக்கும் வரை, சோதனையில் காணும் மாற்றம் வில்லையால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இச்சிக்கலுக்கு நல்ல தீர்வு ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஓ'கானர் குழுவினர், வில்லை மேலணி உயிரணுக்களின் மேற்பரப்பில் ஆர்.ஓ.ஆர்.1 என்ற ஏற்பி இருப்பதைப் பயன்படுத்தினர். அந்த ஏற்பியை இனங்கண்டு ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு, கலவையில் இருந்து வில்லை உயிரணுக்களை மட்டும் தனியே பிரித்தெடுத்தனர். பிரித்தவற்றைச் சிறு திரள்களாக்கி வளர்த்தபோது, அவை தாமாகவே மேலணி, நார் என்று ஒழுங்குபெற்று நுண்வில்லைகளாயின. ஒரு மில்லிமீட்டர் அளவைக்கூட எட்டாத இந்த நுண்வில்லைகள் ஒளியை ஒரு புள்ளியில் குவித்தன. 2018-இல் வெளியான இந்த முடிவை இத்துறையின் திருப்புமுனை என்று சொல்வது மிகையாகாது. ஏனெனில் வில்லையின் புரதம் இருப்பது வேறு, வில்லையின் வேலையைச் செய்வது வேறு.

சீனாவின் சேஜியாங் பல்கலைக்கழகக் குழுவினர் சிறுநீரில் உதிர்ந்து வரும் உயிரணுக்களையே குருத்தணுக்களாக மாற்றி அவற்றில் இருந்து வில்லைப்போலிகள் செய்தனர். பச்சிளம் குழந்தையிடம் ஊசி குத்தாமல் மாதிரி பெற முடிவதால் இது கைக்கொள்ளத்தக்க வழி. ஒசாகா பல்கலைக்கழகத்தின் கோஜி நிஷிடா குழுவினர் 2016-இல், குருத்தணுக்கள் வட்டவட்டமாகப் பரவி ஒரே தட்டில் விழித்திரை, வில்லை, கார்னியா ஆகிய பலவற்றின் முன்னோடிகளையும் தாமே உருவாக்குவதைக் காட்டினர். அவர்கள் நாட்டம் கார்னியா பக்கம் சென்றுவிட்டது. வில்லை அதில் உடன்விளைந்த ஒன்று.

மருந்துகளைச் சோதித்தல்

1960-இல் அமெரிக்காவில் டிரைபரனால் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்குக் கண்புரை ஏற்பட்டது. 1962-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. 

ஒரு மருந்து வில்லையைக் கெடுக்குமா என்பதைச் சோதிக்க இன்று சிட்னி நுண்வில்லைகள் உதவலாம். நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் மரபுநோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிசுக்கு ஐவாகாஃப்டர் என்ற மருந்து 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இளம் எலிகளில் அது கண்புரையைத் தோற்றுவித்தது. மருந்து உண்ட குழந்தைகள் சிலரிடமும் வில்லைக் கலக்கம் காணப்பட்டது. அதனால் குழந்தைகளுக்குத் தரும்போது கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கை மருந்துடன் இடம்பெற்றுள்ளது. ஓ'கானர் குழுவினர் இதே மருந்தை நுண்வில்லைகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் தெளிவும் ஒளி குவிக்கும் திறனும் குறைந்தன. குழந்தையின் கண்ணில் நிகழ்வது தட்டில் நிகழ்ந்தது. உயிர்காக்கும் மருந்து என்பதால் அதை நிறுத்திவிடு என்று சொல்லிவிட முடியாது. எந்த அளவு வரை பாதுகாப்பு, வில்லைக்குள் எது முதலில் கெடுகிறது என்பவற்றைப் பல நூறு நுண்வில்லைகளில் சோதித்துப் பார்க்க முடியும். பல நூறு குழந்தைகளில் முடியாது.

பிறவிக் கண்புரைக்கும் இது பொருந்தும். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா தொற்றினால் குழந்தை கண்புரையுடன் பிறக்கிறது என்பதை 1941-இல் கண்டுரைத்தவரும் ஒரு சிட்னி கண் மருத்துவரே. அவர் பெயர் நார்மன் கிரெக். தொற்றால் அன்றி கிரிஸ்டலின் மரபணுக்களில் ஏற்படும் பிழைகளாலும் பிறவிக் கண்புரை வருகிறது. அத்தகைய குழந்தையின் உயிரணுக்களைக் குருத்தணுவாக்கி வில்லைப்போலி வளர்த்தால், அக்குழந்தையின் வில்லை கலங்கிய கதையை மீண்டும் ஒருமுறை முதலில் இருந்து காணலாம்.

கண்ணுக்குள்ளேயே வளருமா

நியூட் என்னும் நீர்நில வாழ்வி, வில்லையை எடுத்துவிட்டால் ஐரிசின் மேல்விளிம்பில் உள்ள நிறமி உயிரணுக்களில் இருந்து புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறது. ஜப்பானிய நியூட்டுகளின் வில்லையை 16 ஆண்டுகளில் 18 முறை அகற்றியும், ஒவ்வொரு முறையும் குறைவற்ற வில்லை வளர்ந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மனிதருக்கு இந்தத் திறன் இல்லை. ஆனால் குழந்தைகளின் வில்லையுறையில் எஞ்சும் மேலணி உயிரணுக்கள் மிகுந்த வீரியத்துடன் பெருகும்.

இதை வாய்ப்பாகக் கொண்டு சீனாவின் குவாங்சோவில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகக் கண் மருத்துவர்கள், கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு புதிய அறுவை முறையைச் சோதித்தனர். வழக்கமான முறையில் வில்லையுறையின் நடுவே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் திறப்பு இடுவர். இவர்கள் ஓரத்தில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் அளவே திறந்து, கலங்கிய உட்பகுதியை எடுத்து, உறையையும் மேலணியையும் இயன்றவரை காத்தனர். இரண்டு வயதுக்கு உட்பட்ட 12 குழந்தைகளின் கண்களில் சில மாதங்களில் தெளிந்த வில்லை மீண்டும் வளர்ந்ததாக 2016-இல் அறிவித்தனர். தட்டில் எதையும் வளர்க்காமல், உடலில் உள்ள உயிரணுக்களையே வேலை செய்ய விட்டது இதன் சிறப்பு.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. அறுவைக்குப் பின் குழந்தைகளின் உறையில் வில்லைத் திசு மீள வளர்வது மருத்துவர்கள் முன்பே அறிந்ததுதான். வளர்ந்தது பயனுள்ள வில்லையா என்பதற்குத் தரப்பட்ட சான்று போதாது என்று வேறு நாட்டுக் கண் மருத்துவர்கள் அதே ஆய்விதழில் 2018-இல் எழுதினர். கேள்வி சிறியதன்று. பிறந்த முதல் மாதங்களில் தெளிந்த பிம்பம் மூளைக்குச் செல்லாவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை நிலையாகவே மங்கிப்போகும். புது வில்லை வளரக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் குழந்தை விலை கொடுக்கிறது. அறுவை முறையை ஏற்பதற்கு நெடுநாள் தொடர்ந்து பார்க்கப்பட்ட பெரிய ஆய்வுகள் தேவை என்ற நிலைப்பாடே நியாயமாகத் தோன்றுகிறது.

குழந்தைக்கு நன்மை செய்யக் கூடிய அதே மேலணி உயிரணுக்கள் முதியோருக்குத் தொல்லை தருபவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கண்புரை அறுவைக்குப் பிறகு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பார்வை மறுபடி மங்குவது, எஞ்சிய உயிரணுக்கள் உறையின் பின்புறத்தில் பரவுவதால்தான். லேசர் கொண்டு அதைச் சரிசெய்கின்றனர். அந்தப் பரவலைத் தடுக்கும் மருந்தைத் தேடவும் தட்டில் வளர்ந்த தூய மேலணி உயிரணுக்கள் உதவும்.

முதியோர் கண்புரையும் குருத்தணுவும்

லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். போர் விமானத்தின் கூரைத் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் தீங்கு செய்யாததைக் கவனித்து, அதே வகை நெகிழியை அவர் தேர்ந்தெடுத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பான ஆரோலேப் 1992-இல் உள்விழி வில்லைகளைத் தயாரிக்கத் தொடங்கியபின் அவற்றின் விலை பன்மடங்கு குறைந்தது. சில நிமிடங்களில் முடியும் அறுவை, அடுத்த நாளே பார்வை. இந்த வசதியோடு போட்டியிட, ஆய்வகத்தில் வளர்ந்த வில்லை நெடுந்தொலைவு வரவேண்டும். நுண்வில்லையைப் பத்து மில்லிமீட்டருக்கு வளர்க்க வேண்டும். இரத்தக் குழாய் இல்லாமலேயே உட்பகுதிக்குச் சத்து சேர வேண்டும். சிலியரித் தசையோடு அதை இணைக்கும் நுண்ணிழைகள் வேண்டும். நெகிழி வில்லையால் இயலாத ஒன்று உண்டு: இளமைக்கால வில்லை போல வளைந்து கொடுத்துக் குவியத்தை மாற்றுவது. உயிருள்ள வில்லை வெள்ளெழுத்துக்கும் தீர்வாகலாம் என்ற ஆசை அதனால்தான் மறையாமல் இருக்கிறது.

இதற்குள் சில மருத்துவ நிலையங்கள் குருத்தணு ஊசியால் எல்லாக் கண் நோயும் தீரும் என்று விளம்பரம் செய்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் விழித்திரை நடுப்பகுதித் தேய்வுக்காக, சொந்தக் கொழுப்பில் இருந்து எடுத்த உயிரணுக்களை இரு கண்களிலும் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் கடுமையான பார்வையிழப்புக்கு ஆளானது 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்று தவிர, பிற குருத்தணுச் சிகிச்சைகளை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே வழங்கக் கூடாது. வேதிப்பொருள் பட்டுக் கெட்ட கார்னியாவை, அதன் விளிம்பில் உள்ள குருத்தணுக்களால் சீராக்கும் சிகிச்சை தனியானது. ஐரோப்பாவில் அத்தகைய ஒன்றுக்கு 2015-இல் ஒப்புதல் கிடைத்தது. விழிவில்லைக்கு அப்படி ஒப்புதல் பெற்ற குருத்தணுச் சிகிச்சை எதுவும் இல்லை. கண்புரைக்குக் குருத்தணு ஊசி என்று ஒருவர் பணம் கேட்டால், எந்த ஆய்வில் பதிவாகியுள்ளது என்று கேட்பது நோயாளியின் உரிமை. பதிவு செய்யப்பட்ட ஆய்வில் சேர்பவரிடம் அதற்காகப் பணம் பெறுவதும் முறையன்று.

தீராத ஒரு சிக்கல் காலம். முதுமைக் கண்புரை உருவாக அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகின்றன. தட்டில் உள்ள நுண்வில்லையின் வயது சில வாரங்களே. 2015-இல் லேனோஸ்டெரால் என்ற பொருள் திரண்ட புரதங்களைக் கரைப்பதாகவும் நாய்களின் கண்புரையைக் குறைப்பதாகவும் செய்தி வந்தது. அறுவையில் எடுத்த முதியோரின் கண்புரைகளை இந்தியக் கண் மருத்துவர்கள் அதே பொருளில் ஊறவைத்துப் பார்த்தபோது மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இளம் திசுவில் வேலை செய்வது முதிர்ந்த திசுவில் செய்ய வேண்டும் என்பதில்லை. எனவே நுண்வில்லைகளுக்குப் புற ஊதாக் கதிர், மிகுந்த சர்க்கரை, ஆக்சிசன் அழுத்தம் ஆகியவற்றைக் கொடுத்துச் செயற்கையாக மூப்படையச் செய்யலாமா என்பது ஆய்வாளர்களின் முன் உள்ள கேள்விகளில் ஒன்று. அவ்வாறு வாரங்களில் மூத்த வில்லை, எழுபது ஆண்டு வெயிலில் நின்றவரின் வில்லைக்கு எவ்வளவு நிகர் என்பதையும் அவர்கள் அளந்தாக வேண்டும்.